இளநிலையும் முதுநிலையும் ஒன்றாக: அமெரிக்காவின் நிறுவனத் தலைமைத்துவ விரைவுப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நிறுவனத் தலைமைத்துவம் ஒரு தனிப் பட்டப்படிப்பாக இருக்கிறது. அதில் இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் முடித்துவிடலாம் என்ற விளம்பரம் இப்போது பரவலாகக் கண்ணில் படுகிறது. 'நான்கு பிளஸ் ஒன்று', 'விரைவு முதுநிலை', 'இணைப்புப் பட்டம்' என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்பட்டிருக்கிறது.

இணைப்புப் படிப்பு என்றால் சரியாக என்ன?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) தேவை. நிறுவனத் தலைமைத்துவத்தில் முதுநிலைப் பட்டத்துக்கு 30 முதல் 36 கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். இரண்டு பட்டங்களையும் தனித்தனியாகப் படித்தால் 150 கிரெடிட்டாவது முடிக்க வேண்டும்.

இணைப்புப் படிப்பில், இளநிலையின் கடைசி ஆண்டிலேயே முதுநிலைப் பாடங்கள் சிலவற்றை எடுக்க அனுமதிப்பார்கள். அந்தப் பாடங்கள் இரண்டு பட்டங்களின் கணக்கிலும் சேரும். பல கல்லூரிகள் இப்படி 9 முதல் 12 கிரெடிட் வரை பகிர்ந்துகொள்ள விடுகின்றன. 12 கிரெடிட் பகிரப்பட்டால் 150 என்பது 138 ஆகக் குறையும்.

அவ்வளவுதானா? 'விரைவு' என்று பெரிதாகச் சொல்கிறார்களே?

அவ்வளவுதான். விளம்பரத்தைப் படிக்கும்போது மனதில் வைத்திருக்க வேண்டிய கணக்கும் இது ஒன்றுதான். உண்மையில் மிச்சமாவது நான்கு பாடங்கள், அதாவது சுமார் ஒரு செமஸ்டர். மற்ற வேகமெல்லாம் நீங்கள் ஓடுவதால் வருவது. கோடை விடுமுறையிலும் வகுப்பு, பதினைந்து வாரப் பாடத்தை ஏழெட்டு வாரத்தில் சுருக்கி நடத்துவது, வகுப்புகளுக்கு இடையே இடைவெளி இல்லாத கால அட்டவணை ஆகியவற்றால் ஆண்டுகள் குறைகின்றன, படிக்க வேண்டியது குறைவதில்லை.

இதைச் சொல்வது படிப்பைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. நான்கு பாடங்களின் கட்டணமும் ஒரு செமஸ்டர் காலமும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துச் சேர்கிறவர்கள், இரண்டாவது மாங்காய்க்குப் பெரும்பாலும் தனியாகக் கல்லெறிய வேண்டியிருக்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சில கல்லூரிகள் 6 கிரெடிட் மட்டுமே பகிர விட்டுவிட்டு அதையும் இதே பெயரில் விற்கின்றன. எத்தனை கிரெடிட் பகிரப்படும் என்ற எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த எண் தெரியாதவரை இரண்டு கல்லூரிகளை ஒப்பிடவே முடியாது.

நிறுவனத் தலைமைத்துவத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

மனிதர்கள் கூட்டாக வேலை செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது, அதை எப்படி வழிநடத்துவது என்பதுதான் மையம். நிறுவன நடத்தையியல், குழு இயக்கம், பேச்சுவார்த்தையும் பிணக்குத் தீர்வும், மாற்ற மேலாண்மை, தொழில் அறம், மனிதவளம், நிதி அறிக்கைகளைப் படிக்கும் அளவுக்குக் கணக்கியல், ஆய்வு முறைகள் ஆகியவை ஏறத்தாழ எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கும். கடைசியில் கேப்ஸ்டோன் எனப்படும் நிறைவுத் திட்டம். ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து பரிந்துரை எழுத வேண்டும்.

கோட்பாட்டுப் பகுதிக்கு நல்ல வரலாறு உண்டு. தலைவருக்கான பிறவிக் குணங்கள் என்ன என்று தேடி அலுத்துப்போன ஆய்வாளர்கள், தலைவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 1940களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுகள் அந்தத் திருப்பத்தின் அடையாளம். வேலையை ஒழுங்குபடுத்துவது, ஆட்களை மதித்து நடத்துவது என்று இரண்டு தனித்தனி அச்சுகளை அவை முன்வைத்தன. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் மோசமாகவும் இருக்கலாம். மாற்றத்தை உறைநிலையை இளக்குவது, மாற்றுவது, மீண்டும் உறையவிடுவது என்று பார்த்த உளவியலாளர் கர்ட் லெவினின் பார்வை 1947இல் வெளியானது. ஊழியரின் பக்குவத்துக்கேற்பத் தலைமைப் பாணியை மாற்ற வேண்டும் என்று ஹெர்சியும் பிளான்சர்டும் 1969இல் சொன்னார்கள். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், தலைவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்ற கருத்தை 1970இல் எழுதினார். பின்பற்றுபவர்களின் நோக்கத்தையே உயர்த்துவது என்ற உருமாற்றத் தலைமைக் கருத்து 1978இல் ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸிடமிருந்தும், அதை அளக்கக்கூடியதாக்கும் முயற்சி 1985இல் பெர்னார்ட் பாஸிடமிருந்தும் வந்தன.

இவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறும் வகுப்புகள் உண்டு. அது சரியல்ல. ஹெர்சி, பிளான்சர்டின் மாதிரி பயிற்சி அரங்குகளில் மிகப் பிரபலம், ஆனால் அதற்கான ஆய்வுச் சான்று பலவீனம். பிழையையோ சந்தேகத்தையோ பயமின்றிச் சொல்லலாம் என்று குழுவில் இருப்பவர்கள் நம்புவதை உளவியல் பாதுகாப்பு என்பார்கள். ஏமி எட்மண்ட்சன் ஆராய்ந்த இந்தக் கருத்துக்கோ சான்று வலுவாக இருக்கிறது. மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததை அவர் கண்டார். அந்தக் குழுக்கள் அதிகம் பிழை செய்யவில்லை, செய்த பிழையைப் பயமின்றிச் சொல்லின என்பதுதான் அவர் கண்ட விளக்கம். இப்படி ஓர் எண்ணைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல் அதன் பின்னால் போகப் பழக்குகிற ஆசிரியர் கிடைத்தால் இந்தப் படிப்பு மதிப்புள்ளது. ஆளுமைத் தேர்வு எழுதவைத்து, நீங்கள் எந்த வகைத் தலைவர் என்று சான்றிதழ் கொடுப்பதோடு நின்றுவிடுகிற இடமும் உண்டு. பாடவாரியான வாசிப்புப் பட்டியலைக் கேட்டுப் பார்த்தால் எது எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எம்பிஏவிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

எம்பிஏவில் நிதி, கணக்கியல், சந்தைப்படுத்தல், உற்பத்தி நிர்வாகம், புள்ளியியல் ஆகியவை கட்டாயம். ஆட்களை வழிநடத்துவது பற்றி ஒன்றிரண்டு பாடங்கள் இருக்கும். நிறுவனத் தலைமைத்துவத்தில் இந்த விகிதம் தலைகீழ். ஆகவே வங்கி, முதலீடு, நிர்வாக ஆலோசனை நிறுவனங்கள் பக்கம் போக நினைப்பவருக்கு இது எம்பிஏவுக்கு மாற்றாகாது. மருத்துவமனை, கல்வி, அரசு, ராணுவம், தொண்டு நிறுவனம், தொழிற்சாலைப் பயிற்சித் துறை போன்ற இடங்களில் ஏற்கெனவே இருந்துகொண்டு மேற்பார்வைப் பொறுப்புக்கு நகர விரும்புபவருக்கு இது எம்பிஏவைவிட நெருக்கமாகப் பொருந்தும்.

தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்ற இன்னொரு துறையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அது உளவியலின் கிளை. புள்ளியியலும் அளவீட்டு முறையும் அதில் கனமாக இருக்கும்.

இது யாருக்குப் பொருந்தும்?

இங்கே வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் நிறுவனத் தலைமைத்துவ இளநிலைப் படிப்புகள் பல, பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பெரியவர்களை மனதில் வைத்து உருவானவை. முன்பு எங்கோ முடித்த 60, 70 கிரெடிட்டைக் கொண்டுவந்து, மாலையிலோ இணையவழியிலோ மீதியை முடிக்கும் வசதி அவற்றின் பலம். ராணுவப் பணியில் பெற்ற பயிற்சிக்கு அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைக்கும் கிரெடிட்டைப் பல கல்லூரிகள் ஏற்கின்றன. சிஎல்இபி போன்ற, வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் பெற உதவும் தேர்வுகள் எழுதியும் பொதுப் பாடங்களைக் கழித்துக்கொள்ளலாம். பணி அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்துக் கிரெடிட் பெறும் வழியும் சில இடங்களில் உண்டு.

இப்படிப்பட்ட ஒருவருக்கு, முப்பத்தைந்து வயது செவிலியர் மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோம், இணைப்புப் படிப்பு அருமையான ஏற்பாடு. வகுப்பில் பிணக்குத் தீர்வு பற்றிப் படித்ததை மறுநாள் பணிமுறைப் பட்டியல் போடும்போதே சோதித்துப் பார்க்கிறார். பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நின்றுபோன பதவி உயர்வும் அவருக்குத் திறக்கிறது.

பள்ளி முடித்த கையோடு, பதினெட்டு வயதில் சேர்ந்து இருபத்துமூன்றில் தலைமைத்துவ முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வருகிறவர் நிலை வேறு. யாரையும் வழிநடத்தாதவர் கையில் வழிநடத்தலில் முதுநிலைப் பட்டம் இருந்தால், நேர்காணல் செய்பவர் புருவத்தை உயர்த்துவது இயல்பு. இதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இளநிலையைத் தரவுப் பகுப்பாய்வு, சுகாதார நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம் என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றில் எடுத்துக்கொண்டு, முதுநிலையை மட்டும் தலைமைத்துவத்தில் எடுக்கலாமா என்று கேளுங்கள். பல கல்லூரிகள் இதை அனுமதிக்கின்றன. இரண்டு பட்டமும் ஒரே பெயரில் இருப்பதைவிட இது மேல்.

எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், 60 முதல் 90 கிரெடிட் முடிந்த நிலையில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்ச ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.0 என்பது பரவலான வரம்பு, சில இடங்களில் இன்னும் கூடுதல். ஒரு பரிந்துரைக் கடிதமும் நோக்க அறிக்கையும் கேட்பார்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்விலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் இந்தத் துறையின் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் ஜிஆர்இ தேவையில்லை என்பதால், இதைத் தனிச் சலுகையாக நினைக்க வேண்டாம்.

முதலாண்டிலேயே திட்டமிடுவது அவசியம். இளநிலையில் பகிர்வதற்கென்று விருப்பப் பாட இடங்கள் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குள் எல்லா விருப்பப் பாடங்களையும் முடித்துவிட்டவருக்கு, தகுதி இருந்தும் பகிர்வதற்கு இடம் இருக்காது.

முதுநிலைப் பாடங்கள் எவ்வளவு கடினம்?

வாசிப்பும் எழுத்தும் கூடும், தேர்வு குறையும். மதிப்பெண் விதிதான் பலரைச் சறுக்கவைக்கிறது. இளநிலைப் பாடத்தில் 'சி' தரம் எடுத்தாலும் தேர்ச்சி. முதுநிலைக் கணக்கில் சேர வேண்டிய பாடத்தில் பெரும்பாலும் 'பி' தரம் தேவை, மொத்த ஜிபிஏவும் 3.0க்குக் கீழே போகக் கூடாது. ஆகவே சி எடுத்த பகிர்வுப் பாடம் இளநிலைக்கு மட்டும் செல்லும், முதுநிலைக்கு மீண்டும் ஒரு பாடம் எடுத்துக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

சுருக்கப்பட்ட எட்டு வாரப் பருவத்தில் ஒரு பாடம் என்பது வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் கேட்கும். முழுநேர வேலையில் இருப்பவர் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொள்வது விவேகம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தின் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பணத்தில் எவ்வளவு மிச்சமாகும்?

இது கல்லூரி எப்படிக் கட்டணம் வசூலிக்கிறது என்பதைப் பொறுத்தது. 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் என்ற முறை உள்ள கல்லூரியில், கடைசி ஆண்டு எடுக்கும் முதுநிலைப் பாடங்களுக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டியிருக்காது. இதுதான் மிக லாபமான நிலை. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கல்லூரியில், பகிர்வுப் பாடத்துக்கு இளநிலைக் கட்டணமா முதுநிலைக் கட்டணமா என்று கேட்க வேண்டும். முதுநிலைக் கட்டணம் என்றால் லாபம் பெரிதும் கரைந்துவிடும்.

உதவித்தொகைப் பக்கம் கவனம் அதிகம் தேவை. கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை (2025-26இல் அதிகபட்சம் ஆண்டுக்கு 7,395 டாலர்) முதல் இளநிலைப் பட்டம் பெறும்வரைதான் கிடைக்கும். வாழ்நாள் முழுவதற்கும் 12 செமஸ்டர் என்ற உச்சவரம்பும் உண்டு. கல்லூரியே தரும் திறன் உதவித்தொகைகள் பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு நின்றுவிடும். ஐந்தாம் ஆண்டில் திடீரென்று முழுக் கட்டணம் தலையில் விழுவது இந்தப் படிப்பில் வழக்கமாகக் கேட்கும் புகார்.

நீங்கள் எந்தத் தேதியில் இளநிலை மாணவர் என்ற நிலையிலிருந்து முதுநிலை மாணவர் ஆகிறீர்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பருவத்தில் இரண்டு நிலைகளிலும் கூட்டாட்சி உதவி பெற முடியாது. முதுநிலை மாணவரானதும், கூட்டாட்சி உதவிக்கு விண்ணப்பிக்கும் எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்கப்படாது, நீங்கள் தனி நபராகக் கருதப்படுவீர்கள். ஆனால் படிக்கும்போது அரசே வட்டி கட்டும் கடன் முதுநிலை மாணவர்களுக்கு 2012 ஜூலையிலிருந்து கிடையாது.

கடன் விதிகள் மாறிவிட்டன என்கிறார்களே?

ஆம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், முதுநிலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் வாங்க உதவிய கிராட் பிளஸ் கடனை 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு நிறுத்துகிறது. ஏற்கெனவே கடன் பெற்று அதே படிப்பைத் தொடர்பவர்களுக்கு மட்டும் ஓர் இடைக்கால விலக்கு உண்டு. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களில் சேராத முதுநிலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பது இனி வரம்பு. நிறுவனத் தலைமைத்துவம் இந்த வகையில்தான் வருகிறது.

ஓராண்டு முதுநிலைக்கு 20,500 டாலர் பல பொதுக் கல்லூரிகளில் போதும். விலை உயர்ந்த தனியார் கல்லூரியில் போதாது, மீதிக்குத் தனியார் கடன்தான் கதி என்றாகும். அந்த நிலை வந்தால் கல்லூரியை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. இந்தப் பட்டத்தின் சந்தை மதிப்பு, தனியார் வட்டியில் கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்கு இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதுநிலைப் படிப்பு ஒன்றை முடித்தவர்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் சரி நடுவில் வரும் வருமானம்), வெறும் இளநிலைப் பட்டம் உள்ளவர்களின் இடைநிலை வருமானத்தைவிடக் குறைவாக மூன்றில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், அந்தப் படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் நிறுத்தப்படும். கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளத்தில் துறைவாரியாக வருமான விவரம் கிடைக்கும். உங்கள் கல்லூரியின் இந்தப் படிப்பை அங்கே தேடிப் பாருங்கள்.

வேலை கொடுப்பவர் பணம் கட்டுவாரா?

கேட்டுப் பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, ஊழியரின் கல்விக்காக நிறுவனம் தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. பல பெரிய நிறுவனங்களின் உதவித் திட்டங்கள் இந்தத் தொகையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இது காலண்டர் ஆண்டுக் கணக்கு என்பதால், படிப்பை மூன்று காலண்டர் ஆண்டுகளில் பரப்பினால் 15,750 டாலர் வரை வரியின்றிப் பெறலாம். அவசரமாக ஒரே ஆண்டில் முடித்தால் ஒரு முறைதான். வேகமே நட்டமாகும் இடம் இது. பணம் பெற்றபின் குறிப்பிட்ட காலம் அதே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

இளநிலைக்கான 120 கிரெடிட் முடிந்திருந்தால் இளநிலைப் பட்டம் கைக்கு வரும். பகிர்வுப் பாடங்களும் அதில் சேர்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. நாளை வேறு பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேர்ந்தால், இளநிலைப் பட்டத்துக்குப் பயன்பட்ட கிரெடிட்டை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. பகிர்வு என்பது அந்தக் கல்லூரிக்குள் மட்டும் செல்லும் நாணயம். இடைவெளி விட்டுத் திரும்பி வந்தால் ஏற்பார்களா, எத்தனை ஆண்டுக்குள் வர வேண்டும் என்பதைக் கல்லூரியின் விதித் தொகுப்பில் பாருங்கள். பேச்சில் சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

இரண்டு பட்டங்களும் தனித்தனியாகக் கிடைக்குமா, ஒன்றாகவா?

இரண்டு முறையும் உண்டு. நான்காம் ஆண்டு முடிவில் இளநிலைப் பட்டத்தைத் தந்துவிடும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் இரண்டும் என்றால், நடுவில் ஏதேனும் தடங்கல் வந்தால் நான்காண்டு படித்தும் கையில் பட்டமில்லாமல் நிற்க நேரிடும்.

வெளிநாட்டு மாணவராக எஃப்-1 மாணவர் விசாவில் இதைப் படிக்கலாமா?

நேரடி வகுப்பு இருந்தால் படிக்கலாம். இந்தப் படிப்புகளில் பல முழுக்க இணையவழி நடப்பவை, அவற்றுக்கு எஃப்-1 கிடைக்காது. முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடம் அல்லது 3 கிரெடிட் மட்டுமே சேரும்.

படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓபிடி ஒவ்வொரு உயர் பட்ட நிலைக்கும் 12 மாதம். இரண்டு பட்டங்களும் ஒன்றாக வழங்கப்பட்டால் இளநிலைக்கான 12 மாதம் நடைமுறையில் கைவிட்டுப் போகும். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் நிறுவனத் தலைமைத்துவத்துக்கு இல்லை. முன்னே சொன்ன தொழில் மற்றும் நிறுவன உளவியல் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் எண்ணம் உள்ளவருக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கும்.

எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடம். ஆனால் லாபநோக்குள்ள கல்லூரியில் பெற்ற முதுநிலைப் பட்டம் இந்த 20,000க்குள் வராது, பொதுக் கல்லூரியாகவோ லாபநோக்கற்ற கல்லூரியாகவோ இருக்க வேண்டும். தவிர, எச்-1பிக்கு வேலையும் பட்டமும் நேரடியாகத் தொடர்புடையவை என்று காட்ட வேண்டும். தலைமைத்துவம் போன்ற பரந்த பட்டத்தில் அது எளிதல்ல. என்னைக் கேட்டால், வெளிநாட்டு மாணவருக்கு இது பொருத்தமான தேர்வு இல்லை.

கல்லூரி நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நிறுவன அங்கீகாரம், அதாவது கல்லூரி முழுவதற்குமான தரச் சான்று. எச்எல்சி, எம்எஸ்சிஎச்இ, எஸ்ஏசிஎஸ்சிஓசி, நெச்சே போன்ற அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். ஏஏசிஎஸ்பி போன்ற வணிகக் கல்வி அங்கீகாரம் இந்தப் படிப்புக்குக் கட்டாயமல்ல. பல இடங்களில் இது வணிகப் பள்ளியில் இல்லாமல் கல்வியியல் துறையிலோ தொடர்கல்வித் துறையிலோ இருக்கும்.

விவரம் கேட்டுப் படிவம் நிரப்பிய அடுத்த அரைமணி நேரத்தில் ஒருவர் அழைத்து மிகப் பரிவாகப் பேசினால், அவர் கல்லூரி ஊழியரா என்று கேளுங்கள். இணையவழிப் படிப்புகள் பலவற்றுக்கு ஆள் சேர்ப்பது வெளி நிறுவனங்கள். அவற்றில் சில, மாணவர் கட்டும் கட்டணத்தில் பங்கு பெறுகின்றன. 'சேர்க்கை ஆலோசகர்' என்ற பதவிப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடித்தபின் என்ன வேலை?

தலைமைத்துவ அலுவலர் என்று காத்திருக்கும் பணியிடம் எங்கும் இல்லை. பயிற்சி மற்றும் மேம்பாடு, மனிதவளம், திட்ட ஒருங்கிணைப்பு, தொண்டு நிறுவன நிர்வாகம், கல்லூரி நிர்வாகம், மருத்துவமனைப் பிரிவு மேலாண்மை ஆகியவற்றில் சேர்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு நுழைவுத் தகுதி இளநிலைப் பட்டமே. முதுநிலை மேலே ஏறும்போதுதான் கணக்கில் வரும்.

கூட்டாட்சி அரசு வேலையில் மட்டும் வேறுபாடு தாளிலேயே தெரியும். பல பணிப் பிரிவுகளில் ஜிஎஸ் என்ற அரசு ஊதியப் படிநிலையில் இளநிலைப் பட்டத்துக்கு ஜிஎஸ்-5 நிலை, முதுநிலைப் பட்டத்துக்கு ஜிஎஸ்-9 நிலை. தனியார் துறையிலோ மனிதவளத்துக்கு எஸ்எச்ஆர்எம் சான்று, திட்ட மேலாண்மைக்குப் பிஎம்பி சான்று என்று கேட்கும் இடங்கள் அதிகம். பிஎம்பிக்கு நான்காண்டுப் பட்டத்தோடு 36 மாதத் திட்ட அனுபவமும் வேண்டும். ஆகவே படிக்கும்போதே எங்காவது திட்டப் பணியில் கால் வைத்திருப்பது நல்லது.

பிறகு முனைவர் பட்டத்துக்குப் போக முடியுமா?

போகலாம். கல்வியியல் முனைவர் பட்டமான எட்.டி, தலைமைத்துவத்தில் பிஎச்.டி இரண்டும் உண்டு. ஆய்வாளராகும் எண்ணம் இருந்தால், நிறைவுத் திட்டத்துக்குப் பதிலாக ஆய்வேடு எழுதும் வாய்ப்பு இருக்கும் முதுநிலையைத் தேர்ந்தெடுங்கள். இணைப்புப் படிப்புகளில் அந்த வாய்ப்பு அரிது, ஏனென்றால் ஆய்வேட்டுக்குத் தேவையான மாதங்களை ஐந்தாம் ஆண்டுக்குள் அடக்குவது கடினம். அப்படி அடக்க முடியவில்லையென்றால் ஒரு செமஸ்டர் கூடுதலாக இருந்து எழுதுவதற்குத் துறை சம்மதிக்குமா என்று நான்காம் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள். வழிகாட்டும் பேராசிரியரைத் தேடவும் அதற்குள் நேரம் கிடைக்கும்.